ஆறு கால் கோழியின் அம்மா எங்கே?

என்னைக் கவிஞனாக்கியது ஒரு டிபன் பாக்ஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் ஸ்டோர்ஸ் பார்க்கிற கம்பெனியில் வருஷா வருஷம் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். அதில் வாசகப் போட்டி உண்டு. ‘தலைக்கவசம் தலைக்கு, தலை குடும்பத்துக்கு’ என்று எழுதிக் கொடுத்தேன். முதல் பரிசு, மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். போட்டியில் கலந்துகொண்டதே இரண்டு பேர்தான் என்பதையும், இன்னொருவர் இந்தியில் எழுதியிருந்ததால் நடுவருக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதையும் வீட்டில் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கையை அடக்க முடியவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு, நான் இருக்கிற எல்லா குரூப்பிலும் ஒரு சூரியன் படம், கீழே நாலு வரி எழுச்சிக் கவிதை. ‘சூரியன் தினமும் எழுகிறான், சோம்பலை உதறி எழு தோழா’ என்கிற மாதிரி. அதைப் போர்வைக்குள் படுத்தபடியேதான் அனுப்புவேன்.

“தோழன எழுப்பினது போதும், நீ எந்திரி. தண்ணி நின்னுடப் போவுது, மோட்டார் போடு” என்பாள் என் மனைவி. கவிஞனின் மனைவிக்குக் கவிதையில் ஈடுபாடு இருக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

திருமுல்லைவாயிலில் எங்கள் வீடு ஒன்றன்மேல் ஒன்று. மாடியில் நாங்கள். கீழே என் தம்பியும் அவன் மகளும். எங்கள் பையன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டதால், எங்களிடம் மிச்சமிருந்த செல்லம் மொத்தமும் அந்தப் பாப்பாவுக்குத்தான். இப்போது இரண்டாம் வகுப்பு. தம்பி மனைவி துணை ராணுவத்தில் காவலர். வடகிழக்கில் ஏதோ ஒரு மலையில் பணி. வரைபடத்தில் நான் இரண்டு தடவை தேடியும் அந்த ஊர் கிடைக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை வருவாள். மற்ற நாளில் போனில் வருவாள், சிக்னல் இருந்தால்.

ஆகவே பாப்பாவை வளர்ப்பது தம்பி. அம்பத்தூரில் இயந்திரங்களுக்கு அச்சும் கருவியும் செய்கிற ஒரு டூல் ரூமில் வேலை செய்கிறவன். அவன் இடது மணிக்கட்டில் எப்போதும் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் இருக்கும், பாப்பாவின் குடுமிக்காக. முதலாளி வந்து பேசும்போதும் அது அங்கேயே இருக்குமாம்.

விஷயம் போன வருஷ ஆண்டு விழாவில் ஆரம்பித்தது. அப்போது பாப்பா முதல் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அம்மா பாட்டு கேட்டார்கள். தம்பி என்னிடம் வந்தான். நான் பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிஷம் என்பதைப் பெருமையாகவேறு சொல்லிக்கொண்டேன்.

காலையில் எழுப்புவாள் அம்மா – என்
கண்ணைத் துடைப்பாள் அம்மா
சோறு ஊட்டுவாள் அம்மா – என்
சோகம் ஓட்டுவாள் அம்மா

பாப்பா அதை ஒரு வாரம் மனப்பாடம் செய்தாள். மேடையில் ஏறினாள், வணக்கம் சொன்னாள். “காலையில் எழுப்புவாள் அம்மா” என்றாள். நின்றுவிட்டாள். ஓரத்தில் நின்ற டீச்சர் அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தார். பாப்பா அவர் பக்கம் திரும்பி, மைக் வாய்க்கு நேரே இருக்கும்போதே, “இல்ல மிஸ், அலாரம்” என்றாள்.

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பாப்பா மேடையை விட்டு இறங்கினாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வகுப்பில் அவள் வாய்விட்டுப் படிப்பதில்லை. அவள் முறை வந்தால் எழுந்து நிற்பாள், புத்தகத்தைப் பிடிப்பாள், உட்கார்ந்துவிடுவாள். எங்களோடு இருக்கும்போது கடைப் பலகை, பஸ் பலகை, மருந்துச் சீட்டு என்று எல்லாவற்றையும் படிக்கிறவள். இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகும் இதே கதை. டைரியில் டீச்சர் மூன்று தடவை எழுதிவிட்டார்: ‘படிக்கத் தெரிகிறது, வாய் திறப்பதில்லை.’

அந்த டைரியை எடுத்துக்கொண்டு ஒருநாள் தம்பி மேலே வந்தான்.

“இன்னா நா பண்றது? நீ எய்திக் குத்த பாட்டாலதான் அவ வாய மூடிகினா. நீயே தொறந்து வுடு.”

“நான் இன்னாடா பண்ணேன், எல்லா புள்ளைக்கும் எய்தற மாதிரி எய்தனேன்.”

“அதான் பேஜாரு. எல்லா புள்ளைக்கும் எய்தன.”

அவன் கையில் இன்னொரு தாளும் இருந்தது. ‘இயற்கையும் என் குடும்பமும்’ என்று ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் ஒரு படப்புத்தகம் செய்துகொண்டு வரவேண்டும். பன்னிரண்டு பக்கம். பெற்றவர்கள் உதவலாம். மூன்றாவது சனிக்கிழமை வகுப்பறையில், எல்லா அப்பா அம்மா முன்னிலையிலும், பிள்ளையே வாசிக்க வேண்டும்.

தம்பி சொல்லாமல் விட்டது எனக்குப் புரிந்தது. அன்றைக்கும் அவள் எழுந்து நின்று உட்கார்ந்துவிட்டால், அந்த வாய் அதற்குமேல் எப்போது திறக்குமோ யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலமே எழுதினேன். இயற்கை என்றால் எனக்குக் கொட்டும். ‘ஆலமரம்போல் அப்பா, அருவியைப்போல் அம்மா’ என்று ஆரம்பித்தேன். பாப்பாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

“ஆலமரம் எங்க கீது பெரிப்பா?”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் தெருவில் இருப்பது ஒரு முருங்கை, இரண்டு கேபிள் கம்பம்.

“முருங்கதான் கீது. அப்பா முருங்க மாதிரியா?”

சமையலறையிலிருந்து என் மனைவி, “உன் அப்பன் ஒல்லிதான? செரியாதான் கீது” என்றாள்.

“அருவி?”

அருவிக்கு எங்கே போவேன்? எங்கள் வீட்டில் தண்ணீர் மேலேயிருந்து விழுவது மாடித் தொட்டி நிரம்பி வழியும்போதுதான். நோட்டை மூடினேன். பாப்பா கொஞ்சநேரம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு, ஏதோ விட்டுக்கொடுக்கிற மாதிரி சொன்னாள்:

“ஆறு கால் கோயி கீதே, அத்த எய்து.”

“ஆறு கால் கோழியா?”

“ஏரில கீது. வேன்ல போவ சொல்லோ பாத்தேன்.”

“கோழிக்கு ரெண்டு கால்தான் பாப்பா.”

“நான் எண்ணேன். ஆறு.”

அவள் அப்பன் கீழேயிருந்து, “ஏய், பெரிப்பாகிட்ட ரீல் வுடாத” என்று குரல் கொடுத்தான். பாப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. “நான் பொய் சொல்ல மாட்டேன்” என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தன் உயரத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். மேடையில் அலாரம் என்று சொன்னபோதும் இதே குரல்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான், தம்பி, பாப்பா மூன்று பேரும் ஏரிக்குப் போனோம். எங்கள் பக்கத்து ஏரி, பாதி தண்ணீர், பாதி ஆகாயத்தாமரை. ஒரு மூலையில் மட்டும் நிஜத் தாமரை இருக்கிறது. கரையில் ஆட்கள் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. ஒருவர் மட்டும் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்த அடுக்குமாடியில் குடியிருக்கிற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், கோயம்புத்தூர்ப் பக்கம். கேமராவில் சுரைக்காய் நீளத்துக்கு ஒரு லென்ஸ்.

“தோ” என்றாள் பாப்பா.

தாமரை இலைமேல் ஒரு பறவை நின்றது. கோழி அளவுகூட இல்லை. கறுத்த கழுத்து, கண்ணுக்குமேல் வெள்ளைக் கோடு, வெண்கலச் சொம்பை இப்போதுதான் துலக்கிய மாதிரி முதுகு. அதன் கால்விரல்கள், கடவுள் அளவெடுக்காமல் வெட்டிவிட்டார்போல அத்தனை நீளம். அந்த இரண்டு காலுக்கு மேலே, இறக்கைக்கு அடியிலிருந்து, இன்னும் கால்கள் தொங்கின. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. நான் விரல்விட்டு எண்ணினேன். இரண்டு, நாலு, ஆறு.

“இன்னாடா இது” என்றான் தம்பி, மெதுவாக.

பறவை குனிந்தது. இறக்கையைக் கொஞ்சம் தளர்த்தியது. அடியிலிருந்து இரண்டு குஞ்சுகள் இலைமேல் விழுந்து, எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்து போயின. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்தால் எப்படி, அப்படி. மேலே ஒரு பருந்து நிழல் போனது. பறவை ஏதோ ஒரு சத்தம் கொடுத்தது. இரண்டும் ஓடிவந்து இறக்கைக்குள் நுழைந்தன. மறுபடியும் ஆறு கால்.

என் வாயிலிருந்து ஒரு எதுகைகூட வரவில்லை. இயற்கையைப் பற்றி ஐந்நூறு கவிதையாவது எழுதியிருப்பேன். அதை நான் பார்த்தது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

கேமராக்காரர் திரும்பினார். “தாமரை இலைக்கோழிங்க அண்ணா. குஞ்சைத் தூக்கிட்டுப் போறது அப்பாங்க. இதுல அடைகாக்கறது, வளர்க்கறது எல்லாமே அப்பாதான்.”

“அப்பாவா?” என்றாள் பாப்பா.

“ஆமாங்க பாப்பா.”

அவள் திரும்பித் தன் அப்பனைப் பார்த்தாள். அவன் ஒரு தோளில் அவள் பையும், கையில் அவள் தண்ணீர் பாட்டிலும், வாயில் அவள் கிளிப்புமாக நின்றுகொண்டிருந்தான். கிளிப்பை எடுத்துவிட்டு, “இன்னா பாக்கற?” என்றான்.

“ஒண்ணியும் இல்ல” என்றாள். ஆனால் வீடு வரும்வரை அவன் சட்டைக்குள் தலையை நுழைக்கப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

புத்தகம் அன்றே தொடங்கியது. எழுத்து நான், படம் தம்பி, வண்ணம் பாப்பா. தம்பி டூல் ரூம்காரன் என்பதை நான் மறந்துவிட்டேன். ஸ்கேல், காம்பஸ் எல்லாம் வைத்து அவன் பறவையை முன்பக்கத் தோற்றம், பக்கவாட்டுத் தோற்றம், மேல் தோற்றம் என்று மூன்றாக வரைந்திருந்தான். கால்விரலுக்கு மில்லிமீட்டரில் அளவு போட்டிருந்தான்.

“இது இன்னாடா, கோழியா, பம்புசெட்டா?”

“அளவு இல்லாம எப்டி நா வரையறது?”

பாப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அளவுகளை அழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நான் எழுதினேன், இந்தத் தடவை பத்து நிமிஷத்தில் இல்லை.

ஏரியில் ஒரு கோழி. அதற்கு ஆறு கால். எண்ணிப் பார்.
இரண்டு கால் அப்பாவுடையது. நாலு கால் யாருடையது?
மழை வந்தால் இறக்கை. வெயில் வந்தால் இறக்கை. பருந்து வந்தால் இறக்கை.

இப்படிப் பத்து பக்கம் ஓடியது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் எழுதியதைக் கேட்டு ஒருவர் ‘அப்பால?’ என்றார். என் மனைவியே ஒரு பக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, “பரவால்ல, படிக்க சொல்லோ கொட்டாவி வர்ல” என்றாள். பாராட்டு மழையில் நனைந்து கிடந்தேன். அப்போதுதான் பாப்பா பதினோராவது பக்கத்தை, இன்னும் வெறுமையாக இருந்ததை, திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அம்மா எங்க போச்சி?”

“எந்த அம்மா?”

“கோயி அம்மா.”

நான் அதை யோசிக்கவே இல்லை. அப்பா பறவை கிடைத்த சந்தோஷத்தில், ஓர் அம்மா பறவையும் எங்கோ இருந்தாகவேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. “கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

மறுநாள் வேலைவிட்டு வரும்போது ஏரிக்கரையில் கேமராக்காரரைப் பிடித்தேன்.

“பொம்பளைங்களா?” என்று அவர் உற்சாகமாக ஆரம்பித்தார். “அதுதாங்கண்ணா இதுல விசேஷமே. அது இப்ப வேற ஒரு ஆண்கூட இருக்கும். இந்த ஏரில மட்டும் அதுக்கு மூணு நாலு ஆண் இருக்கலாம். ஒருத்தர்கிட்ட முட்டை வெச்சுக் குடுத்துட்டு அடுத்தவர்கிட்டப் போயிரும்ங்க.”

யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். அவர் இன்னும் ஏதேதோ சொன்னார். பெண்தான் உருவத்தில் பெரிது என்றும், எல்லையைக் காக்கிறதும் வேறு பெண் பறவை வந்தால் அடித்து விரட்டுகிறதும் அதுதான் என்றும் சொன்னார். என் காதில் மூணு நாலு ஆண் என்பதோடு எல்லாம் நின்றுவிட்டது. எழுச்சிக் கவிதைக்கு இயற்கையைப்போல ஆபத்தான துணை இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பாடம் நடத்துகிறது. கிட்டே போய் ஒரு கேள்வி கேட்டால் மானத்தை வாங்குகிறது.

வீட்டுக்கு வந்து பதினோராம் பக்கத்தை நிரப்பப் பார்த்தேன். அம்மாவைப் பருந்திடம் கொடுத்தேன். பாவம் என்று திரும்ப வாங்கினேன். சந்தைக்கு அனுப்பினேன். திருப்பதிக்கு அனுப்பினேன்.

“கோயிக்கு எதுக்குய்யா திருப்பதி? மொட்டை போடவா?” என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல் அவளிடம் தாழ்ந்த குரலில் உண்மையைச் சொன்னேன். என் தாழ்ந்த குரல் எவ்வளவு தாழும் என்பது கம்பெனி முழுக்கத் தெரியும். மாவுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த தம்பி படியில் நின்றிருந்தான்.

“யாரு யார்கிட்ட போச்சி?” என்றான்.

“டேய், கோயிடா. கோயி சங்கதி.”

அவன் பாத்திரத்தைக் கீழே வைத்தான். “தெருவுல கேக்கறவங்க பத்தலன்னு, நீ புக்காவே போடறியா? பொண்டாட்டிய தனியா அனுப்பிட்டு நீ ஜடை பின்னிகினு கீறியேன்னு டீக்கடைல கேக்கறான். இப்போ கோயிய வெச்சி நீயுமா?”

“நான் அப்டி நெனைக்கவே இல்லடா.”

“நீ எத்ததான் நெனச்ச?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

இலக்கியத் தமிழில் ஊடு என்றால் கோபித்துக்கொள் என்று அர்த்தம். எங்கள் பேச்சில் ஊடு என்றால் வீடு. அந்த வாரம் எங்கள் ஊட்டில் இரண்டு அர்த்தமும் ஒன்றாக இருந்தது. இரண்டு நாள் தம்பி என்னிடம் பேசவில்லை. பாப்பா பதினோராம் பக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் தினமும் வந்து திருப்பிப் பார்த்துவிட்டுப் போனாள். சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் தம்பி மனைவி என் மனைவியின் போனுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். பாப்பா டியூஷனில் இருந்தாள். என் மனைவிக்கு ரகசியம் என்பது வாயில் வைத்த சுடுசோறு. மூன்றாவது நிமிஷத்தில் கோழிக் கதை முழுவதையும் துப்பிவிட்டாள். ஸ்பீக்கர் வேறு. நான் பக்கத்து அறையில் முகத்தைப் பேப்பரால் மூடிக்கொண்டேன்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. மலை அதிர்கிற சிரிப்பு.

“நாலு பேரா! யக்கா, எனக்கு ஒரு ஆளுக்கே லீவு பத்தல!”

“ஏய் மெதுவா, உங்க மாமா உள்ளதான் கீறாரு.”

“இருக்கட்டும். மாமா, கேக்குதா? அந்தப் பொட்டக்கோயி பெருசா கீதா?”

ஒளிந்திருந்து பயனில்லை. வெளியே வந்தேன். “ஆம்பளையவுட பெருசாம்மா. எல்லையக் காக்கறது அதுதானாம். வேற எதுனா வந்தா அடிச்சி வெரட்டுமாம்.”

“அப்போ டூட்டிதான மாமா? அத்த எய்துங்களேன்.”

“மத்தது?”

“மத்தத அவ பெரியவளானா அவளே படிச்சிக்குவா. ஆனா மாமா, ஒண்ணு.” குரலில் சிரிப்பு போயிருந்தது. “பொய் எய்தாதீங்க. நான் எப்போ வருவேன்னு கேட்டா தேதி சொல்வேன். லீவு பாஸ் ஆவலன்னா ஆவலன்னு சொல்வேன். ஒரு வாட்டிகூட சீக்கிரம் வந்துடறேன்னு சொன்னதில்ல. சீக்கிரம்னா அவ தெனமும் வாசல பாப்பா.”

மேடையில் ‘அலாரம்’ என்று சொன்ன குழந்தை எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. நான் ஏதோ துடுக்குத்தனம் என்று நினைத்திருந்தேன். அது தாயும் மகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். நடுவில் நான் ‘காலையில் எழுப்புவாள்’ என்று நாலு வரியோடு புகுந்திருக்கிறேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டுத் தம்பி படியேறி வந்திருந்தான். போனில் அவன் தலை தெரிந்தது போல.

“இன்னாய்யா, கோயி மேல கோவமா?” என்றாள் அவள்.

“ச்சீ, வையி” என்றான். ஆனால் வைக்கவில்லை. போனை வாங்கிக்கொண்டு கீழே போனான். போகும்போது என் தோளை ஒரு இடி இடித்துவிட்டுப் போனான். எங்கள் குடும்பத்தில் சமாதானம் அப்படித்தான் கையெழுத்தாகும்.

அன்றைக்கே எழுதினேன்: ‘அம்மா ஏரியின் எல்லையைக் காக்கச் சென்றது.’ டியூஷனிலிருந்து வந்த பாப்பாவிடம் காட்டினேன். படித்தாள்.

“சென்றதுன்னா?”

“போச்சின்னு அர்த்தம்.”

தலையை ஆட்டினாள், இல்லை என்று. “போச்சின்னா வராது.”

“ஏன் வராது?”

வாயைத் திறந்து காட்டினாள். முன்னால் ஒரு பல் இல்லை. “பல்லு போச்சி. வேன்ல பென்சில் போச்சி. எதுனா வந்துச்சா?”

“அப்போ எப்டி எய்தறது?”

“போய்க்கீது.”

இருபது வருஷமாக ஸ்டோர்ஸில் கேட் பாஸ் எழுதுகிறவன் நான். கம்பெனியை விட்டு ஒரு சாமான் வெளியே போனால் இரண்டு விதம். விற்றுப் போனது ஒரு நிறச் சீட்டு; அது போச்சு. முலாம் பூசவோ பழுது பார்க்கவோ வெளியே அனுப்பியது வேறு நிறச் சீட்டு. அது போயிருக்கிறது, அதன் இடத்தை அலமாரியில் வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது. நிறத்தை மாற்றி எழுதினதற்காகப் பையன்களை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். வீட்டில் ஒரு குழந்தையின் அம்மாவுக்கு நான் எழுதியது தப்பான நிறச் சீட்டு.

“கோயி அம்மா திரும்பி வருமா பெரிப்பா?”

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ஒரு சூரிய உதயம் வரும். அன்றைக்கு வரவில்லை. “எனக்குத் தெரியாது பாப்பா” என்றேன்.

“அத்தயும் எய்து” என்றாள்.

வெள்ளிக்கிழமை புத்தகத்தை டீச்சரிடம் கொடுத்தோம். சனிக்கிழமை காலை அது எங்கள் கைக்கு வந்தபோது, ‘போய்க்கீது’ என்பதன் அடியில் டீச்சர் பென்சிலால் ஒரு கோடு போட்டு, மேலே ‘போயிருக்கிறது’ என்று எழுதியிருந்தார். அழகான கையெழுத்து. தப்பும் இல்லை. தம்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

வகுப்பறையில் இரண்டாம் வகுப்பு பெஞ்சுகளில் பெரியவர்கள் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தோம். நான் உட்கார்ந்த பெஞ்சு முனகியது. ஐந்தாறு பிள்ளைகள் படித்து முடித்தார்கள். ஆலமரம் இரண்டு வந்தது, அருவி மூன்று. பாப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எழுந்து போனாள். புத்தகத்தைப் பிடித்தாள். நின்றாள். தம்பி மணிக்கட்டில் ரப்பர் பேண்டை இழுத்து விட்டான், இழுத்து விட்டான். அந்த டப் டப் சத்தம் மட்டும் கேட்டது. எழுந்து போய் நானே படித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

“ஏரியில் ஒரு கோழி” என்றாள்.

சின்னக் குரல். “அதற்கு ஆறு கால். எண்ணிப் பார்.” தம்பியின் பம்புசெட் படத்தைத் திருப்பிக் காட்டினாள். முன் வரிசைப் பிள்ளைகள் நிஜமாகவே எண்ணினார்கள். ஒருவன், “ஆறுதான் மிஸ்!” என்று கத்தினான். குரல் கொஞ்சம் பெரிதானது. மழை, வெயில், பருந்து எல்லாம் வந்தன. பதினோராம் பக்கம் வந்தது.

“அம்மா ஏரியின் எல்லையைக் காக்கப்…” நின்றாள். கண் பென்சில் எழுத்துக்குப் போவது தெரிந்தது. டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். டீச்சருக்கு ஆண்டு விழா ஞாபகம் வந்திருக்க வேண்டும். “உனக்கு எப்படி வருதோ அப்படிப் படிம்மா” என்றார்.

“காக்கப் போய்க்கீது” என்றாள் பாப்பா. “எப்போது வரும்? பெரிப்பாவுக்குத் தெரியாது.”

வகுப்பறை முழுக்கச் சிரித்தது. பெரியவர்கள், பிள்ளைகள், வாசலில் நின்ற ஆயாம்மா, எல்லோரும். ஆண்டு விழாவிலும் இதே சிரிப்புதானே. பாப்பா தலை தூக்கிப் பார்த்தாள். எல்லோரும் திரும்பி யாரைப் பார்க்கிறார்கள் என்று பார்த்தாள். மடங்கிய முட்டிகளுக்கு நடுவே மோவாயை வைத்து உட்கார்ந்திருந்த என்னைத்தான். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள், அனுபவப்பட்ட பேச்சாளர்போல. பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

“எழுத்து பெரிப்பா. படம் அப்பா. தப்பு திருத்தினது நான்.”

அந்தக் கடைசி வரியை எப்போது எழுதிச் சேர்த்தாள் என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது பைக்கில் எனக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். வழிநெடுக எதிர்ப்படும் கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது அவள் காதருகில் கேட்டேன்.

“எல்லாரும் சிரிச்சாங்களே, பரவால்லியா?”

“பரவால்ல பெரிப்பா” என்றாள். “உன்ன பாத்துதான சிரிச்சாங்க.”